கேடி சேவையகத்தில் பிஎச்பி செயலிக்கு மட்டும் 502 பிழை

கேள்வி:
வெள்ளவத்தையில் நாங்கள் நடத்தும் டியூட்டரிக்காக இரண்டு இணையச் செயலிகளை எழுதி, உபுண்டு 24.04 நிறுவிய வாடகைச் சேவையகமொன்றில் ஏற்றியிருக்கிறேன். பரீட்சைப் புள்ளிகளைக் காட்டும் செயலி நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச் சூழலில், 3000ஆம் போர்ட்டில் ஓடுகிறது. அதற்கு, கேடி (Caddy) என்ற இணையச் சேவையக மென்பொருளின் அமைப்புக் கோப்பான கேடிஃபைலில் தள முகவரியும், வரும் கோரிக்கைகளைச் செயலிக்குக் கடத்தும் ரிவர்ஸ் புரொக்சி என்ற ஒரு வரியும் போதுமாயிருந்தன; எச்டிடிபிஎஸ் சான்றிதழும் தானாகவே வந்துவிட்டது. ஆனால் லாரவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் எழுதிய கட்டணப் பதிவேடு திறக்கவில்லை. பப்ளிக் அடைவிலுள்ள இன்டெக்ஸ் கோப்பின் முகவரியை முழுமையாக இட்டபோது முதலில் அந்தக் கோப்பே பதிவிறங்கியது; கோரிக்கையைப் பிஎச்பியிடம் ஒப்படைக்கும் பிஎச்பி ஃபாஸ்ட்சிஜிஐ வரியைச் சேர்த்த பின்னர் 502 (பின்னாலுள்ள செயலியிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை என்ற பிழை) வருகிறது. கோப்புகள் என் ஹோம் அடைவில் உள்ளன. கேடி அவற்றை வாசிப்பதற்காக அதன் பயனரை என் குழுவில் சேர்த்துவிட்டேன்.

மறுமொழி 1:
கேடியின் பதிவை ஜேர்னல்சிடிஎல் கட்டளை மூலம் பாருங்கள். கேடியும் பிஎச்பியும் பேசிக்கொள்ளும் சொக்கெட் கோப்பைத் திறக்க அனுமதி மறுக்கப்பட்டதாக அதில் ஒரு வரி இருக்கும். உபுண்டுவில், பிஎச்பியை ஓட்டும் சேவையான பிஎச்பி 8.3 எஃப்பிஎம்மின் சொக்கெட் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்னும் பயனருக்கும் குழுவுக்கும் மட்டுமே, 660 என்ற அனுமதியுடன் திறந்திருக்கும். கேடியோ தன் சொந்தப் பயனராக ஓடுகிறது. அப்பயனரை அந்தக் குழுவில் சேர்த்து, ரீலோட் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் செயன்முறைக்குப் புதிய குழு வந்து சேராது. பெயர் கேடியாக இருந்தாலும் இந்த விடயத்தில் அது சாதுதான்.

கேள்வி கேட்டவர்:
502 போய்விட்டது, நன்றி. இப்போது வெள்ளைப் பக்கத்தில் "ஃபைல் நொட் ஃபவுண்ட்" என்று ஒரேயொரு வரி தெரிகிறது.

மறுமொழி 2:
அந்த வரி கேடியுடையதன்று, எஃப்பிஎம்முடையது. உபுண்டு 21.04 முதல் ஹோம் அடைவுகள் உரிமையாளரும் குழுவும் தவிர வேறெவரும் நுழைய முடியாத 750 அனுமதியுடன் உருவாக்கப்படுகின்றன; நீங்கள் கேடியை உள்ளே விட்டீர்கள், டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாக ஓடும் எஃப்பிஎம் வாசலிலேயே நிற்கிறது. செயலியை வார் அடைவின் கீழுள்ள டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு மாற்றி, செயலி எழுத வேண்டிய ஸ்டோரேஜ், பூட்ஸ்ட்ராப் கேஷ் ஆகிய இரண்டையும் மட்டும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்கு உரிமையாக்குங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறொன்று. முகவரியில் பப்ளிக் என்று இட வேண்டியிருந்தது என்றால், எந்த அடைவிலிருந்து கோப்புகளைக் கொடுப்பது என்று கேடிக்குச் சொல்லும் உங்கள் ரூட் வரி செயலியின் தலை அடைவையே சுட்டுகிறது. தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள டொட் என்வ் கோப்பும் அங்கேதான் இருக்கிறது. கோப்புகளை அப்படியே அனுப்பும் ஃபைல் சேவர் வரி இருக்கும்வரை, முகவரியை ஊகித்து இடும் எவருக்கும் கேடி அதை எடுத்துக் கொடுத்துவிடும். ரூட் வரி பப்ளிக் அடைவில் முடிய வேண்டும். கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
உண்மைதான், கைபேசியிலிருந்து முயன்றபோது முழுக் கோப்பும் திரையில் வந்து நின்றது. கேடியில் அணுகல் பதிவு இயல்பாக எழுதப்படுவதில்லை என்பதால், இரண்டு நாட்களில் வேறு எவரும் அதைத் திறந்தார்களா என்று அறிய வழியில்லை. ரூட் வரியையும் கடவுச்சொல்லையும் செயலிச் சாவியையும் மாற்றி, அணுகல் பதிவை எழுதும் லொக் வரியையும் சேர்த்துவிட்டேன். உள்நுழைவுப் பக்கம் இப்போது திறக்கிறது.