டியூரபிலிட்டி: நிலைப்புத்தன்மையா, நீடுழைப்பா?

வணக்கம்.
சன்னல் கண்ணாடிக்கான அகச்சிவப்பு உட்கவர் பூச்சுகள் (வெயிலின் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்பவை) பற்றிய கட்டுரையில் 'டியூரபிலிட்டி' (நெடுநாள் தாங்குவது) வரும் இடமெல்லாம் 'நிலைப்புத்தன்மை' என்று போட்டிருக்கிறது. அது 'ஸ்டெபிலிட்டி'க்கு ஏற்கெனவே புழங்கும் சொல். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் குழப்பம். 'நீடுறுதி' சரிவருமா?

———

> 'நீடுறுதி' சரிவருமா?

வராது. உறுதி என்றதும் கீறல், உரிதல்தான் நினைவுக்கு வரும். பூச்சில் 1 மி.மீ. இடைவெளியில் கட்டம் கீறி, ஒட்டுநாடாவை ஒட்டி வெடுக்கென்று உரித்துப் பாருங்கள். ஒரு துணுக்குகூடப் பெயராத பூச்சு, வெயிலை வாங்கும் வேலையை எப்போதோ நிறுத்தியிருக்கலாம்.

இந்தப் பூச்சில் அகச்சிவப்பை உட்கவரும் சீசியம் டங்ஸ்டன் வெண்கலத் துகள்களில் (பெயரில்தான் வெண்கலம், உண்மையில் ஓர் ஆக்சைடு) இதுதான் நடக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் துகளின் மேற்பரப்பிலிருந்து சீசியம் கசியும். +5 ஆக்சிஜனேற்ற நிலையில் இருந்த டங்ஸ்டன் எலெக்ட்ரானை இழந்து +6 ஆகும். அகச்சிவப்பை உட்கவர்ந்த எலெக்ட்ரான்கள் போய்விடும். பூச்சு கண்ணாடியில் அப்படியே இருக்கும், வேலைதான் நடக்காது.

'இந்தத் துணி நல்லா உழைக்கும்' என்று ஜவுளிக்கடையில் சொல்வார்களே, அந்த உழைப்புதான் இங்கே பொருந்துகிறது. என் பரிந்துரை: நீடுழைப்பு.

———

> நீடுழைப்பு

நல்ல சொல். ஒரு ஐயம். புற ஊதாவில் நேரெதிராக நடக்கிறது: +6 டங்ஸ்டன் +5 ஆகிப் பூச்சு நீலம்பாரிக்கும். உட்கவர்தல் கூடத்தான் செய்யும், ஆனால் அறைக்குள் வெளிச்சம் குறையும். இதையும் நீடுழைப்புக் குறைவு என்பதா?

———

என்பதுதான் சரி. வெளிச்சத்தை விடுவதும் சன்னலின் வேலைதானே. பெயரை மட்டும் பிரிப்போம்: ஈர நீடுழைப்பு, ஒளி நீடுழைப்பு. மருந்தும் வேறு வேறு. முதலாவதற்குத் துகளைச் சிலிக்கா உறையால் மூட வேண்டும். உறையேற்றும்போது அம்மோனியாவை அளவோடு விட வேண்டும், காரம் மிகுந்தால் டங்ஸ்டன் ஆக்சைடே கரையும். இரண்டாவதற்கு, துகள்களைப் பிடித்துவைக்கும் பிசினில் புற ஊதா உட்கவர் பொருளும் அமீன் வகை ஒளிநிலைப்படுத்தியும் சேர்ப்பார்கள். கவனியுங்கள், 'நிலைப்பு' இங்கேதான் தேவைப்படுகிறது. அதை இதற்கே விட்டுவைப்போம்.

எனவே கட்டுரையில் இப்படி மாற்றலாம்: '85 பாகை செல்சியஸ், 85% ஈரப்பதத்தில் 1000 மணி நேர ஈர நீடுழைப்புச் சோதனை, முன்னும் பின்னும் கட்புல ஒளி, அகச்சிவப்பு இரண்டின் ஊடுகடத்தலையும் (கண்ணாடி வழியே உள்ளே வரும் அளவு) அளக்க.' ஒன்றை மட்டும் அளந்தால் பழுதின் வகை பிடிபடாது.

———

மாற்றிவிட்டேன். கூடவே, தலைப்பில் இருந்த 'வெப்பத்தடுப்புப் பூச்சு' என்பதையும் எடுத்துவிட்டேன். வெள்ளிப் படலம் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது, இது தானே வாங்கிச் சூடேறுகிறது. கண்ணாடியின் நடுப்பகுதி காய, சட்டத்துக்குள் இருக்கும் விளிம்பு குளிர்ந்தே கிடக்கும். டஃபண்டு செய்யாத (சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து வலுவேற்றாத) சாதாரணக் கண்ணாடியில் அந்த வேறுபாடு 40 பாகையை நெருங்கினால் விளிம்பிலிருந்து விரிசல் ஓடலாம். பூச்சு உழைத்தும் கண்ணாடி போய்விடும் என்பதால் 'உட்கவர்' என்ற அடை பெயரிலேயே இருக்கட்டும்.