தமிழ்நாட்டோட முதல் முதலமைச்சர் யாரு? நாலு புத்தகத்துல நாலு பேர் இருக்கு

மலர்விழி_குரூப்2:
வணக்கம், குரூப் 2க்கு படிச்சிட்டு இருக்கேன், ரெண்டு நாளா ஒரு விஷயத்துல மண்டை காயுது. தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யாருன்னு பாத்தா ஒரு கைடுல சுப்பராயலு ரெட்டியார்னு இருக்கு, இன்னொண்ணுல ராஜாஜி, கிளாஸ்ல குடுத்த நோட்ஸ்ல ஓமந்தூரார், போன வாரம் எழுதின மாதிரித் தேர்வுல அண்ணான்னு போட்டவங்களுக்குத்தான் மார்க் விழுந்துச்சு. எதைத்தான் மனப்பாடம் பண்றது? அதோட என் ரூம்மேட் வேற, நாம முதல்வருக்கு ஓட்டே போடறதில்லன்னு அடிச்சு சொல்றா. அப்போ தேர்தல் நேரத்துல சுவர் பூரா அவங்க முகம் எதுக்கு? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, ஒத்த வரி பதில் வேண்டாம்.

பழைய கெஜட்:
நாலு பேருமே தப்பில்லமா. ஒவ்வொரு புத்தகமும் வேற வேற நாற்காலிய மனசுல வச்சு எழுதியிருக்காங்க, அதான் குழப்பம்.

பிரிட்டிஷ்காரங்க போட்ட 1919 சட்டப்படி இரட்டை ஆட்சி வந்துச்சு, அதாவது இலாகாவ மந்திரிங்களும் கவர்னரும் பிரிச்சுக்கறது. 1920 தேர்தல்ல நீதிக்கட்சி ஜெயிச்சதும் கவர்னர் வெலிங்டன் பிரபு தியாகராய செட்டியாரைத்தான் முதல்ல கூப்பிட்டாரு, அவரு எனக்கு வேண்டாம்னுட்டாரு, அதுக்கப்புறம் கடலூர் சுப்பராயலு ரெட்டியார் 1920 டிசம்பர் 17ல பதவி ஏத்தாரு. உடம்புக்கு முடியாம அடுத்த ஜூலையே விலகிட்டாரு, பனகல் அரசர் வந்தாரு. அந்தப் பதவிக்குப் பேரு முதல் மந்திரி. ஆனா கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மாதிரி இலாகாதான் மந்திரிங்க கைல, போலீஸ், வருவாய், நிதி எல்லாம் கவர்னரோட நிர்வாகக் குழு கைல. பள்ளிக்கூடம் திறக்கலாம்னு முடிவு பண்றது இவங்க, அதுக்குப் பணம் விடற கஜானா சாவி அவங்ககிட்ட, அந்த அளவுதான் அதிகாரம். ஓட்டும் எல்லாருக்கும் கிடையாது, சொத்து இருக்கறவங்க வரி கட்டறவங்களுக்கு மட்டும்தான். அப்படி இருந்தும் 1921ல வகுப்புவாரி அரசாணை (அரசு வேலைய சாதி, மத வாரியா பிரிச்சுக் குடுக்கற ஆணை), 1924ல அரசு வேலைக்கு ஆள் எடுக்க ஒரு தேர்வு வாரியம்னு செஞ்சு காட்டினாங்க பாருங்க, அந்த வாரியம்தான் 1929ல சுப்பராயன் காலத்துல சர்வீஸ் கமிஷனா மாறுச்சு. நீங்க எழுதப் போற டிஎன்பிஎஸ்சிக்கு வேரே அங்கதான் இருக்கு, அத நினைக்கும்போது எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

1935 சட்டத்துக்கு அப்புறம்தான் எல்லா இலாகாவும் மந்திரிசபைக்கு வந்துச்சு. 1937 ஜூலைல ராஜாஜி வந்தப்போ பதவிப் பேரு பிரிமியர், அப்போ பத்திரிகைல பிரதம மந்திரின்னே எழுதுவாங்க. நம்மகிட்ட கேக்காம இந்தியாவ யுத்தத்துல இழுத்துட்டாங்கன்னு 1939 அக்டோபர்ல ராஜினாமா பண்ணாங்க, 1946 வரைக்கும் கவர்னர் ஆட்சிதான். பிரகாசம் வந்தாரு, அடுத்து 1947 மார்ச்ல ஓமந்தூரார், அதனால சுதந்திரம் வந்த அன்னிக்கு பதவில இருந்தது அவருதான். உங்க நோட்ஸ்காரர் அந்தக் கணக்குல சொல்றாரு.

யாருமே சொல்லாத ஒரு பேர் இருக்கு, குமாரசாமி ராஜா. 1950 ஜனவரி 26 அரசியலமைப்பு அமலுக்கு வந்தப்போ நாற்காலில இருந்தது அவருதான், அந்த வகையில பாத்தா இப்ப இருக்கற முதலமைச்சர் பதவியோட முதல் ஆளு அவரு. பாவம், எந்த கைடும் அவரக் கண்டுக்கறதில்ல. எல்லாருக்கும் ஓட்டுன்னு நடந்த 1952 தேர்தலுக்கு அப்புறம் வந்தவர் மறுபடி ராஜாஜி. 1956 நவம்பர் 1ல மொழிவாரியா எல்லை மாறுனப்போ காமராஜர். தமிழ்நாடுங்கற பேரு அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14, அப்போ அண்ணா. அந்தப் பேரோட அவரு ஆண்டது 20 நாள்தான், பிப்ரவரி 3ல போயிட்டாரு.

கொங்குத்தம்பி:
ரூம்மேட் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். சட்டம் என்ன வேணா சொல்லட்டுங்க, எங்க ஊர்ல ஓட்டுப் போடற யாரும் வேட்பாளர் பேரப் பாத்துப் போடறதில்ல, யாரு சீஎம்முன்னுதான் பாக்கறாங்க. எம்ஜிஆர் காலத்துல இருந்தே அப்படித்தானுங்க.

சட்டசபை நோட்டு:
தம்பி நீங்க சொல்றது ஓட்டுப்போடற மனசு, அது உண்மைதான், ஆனா நாற்காலி நிக்கறது வேற கால்ல. அரசியலமைப்போட 164வது பிரிவுப்படி முதல்வர நியமிக்கறது கவர்னர், மத்த மந்திரிங்கள முதல்வர் சொல்றபடி நியமிக்கணும், மொத்த மந்திரிசபையும் சட்டசபைக்குத்தான் பதில் சொல்லணும். 234ல 118 பேர் உங்க பக்கம் இருந்தா இருக்கீங்க, இல்லன்னா இல்ல. 2017 பிப்ரவரி 18ல பழனிசாமி 122 ஓட்டு வாங்கி ஆட்சிய தக்க வச்சாரு, முந்தின வருஷம் தேர்தல்ல அவரோட கட்சி அதிமுக ஓட்டுக் கேட்டது ஜெயலலிதா முகத்த வச்சு. 1988 ஜனவரில எம்ஜிஆர் மனைவி ஜானகி அம்மா ஆட்சி ஒரு மாசம்கூட ஓடல. இதெல்லாம் மக்கள் நேரா போட்ட ஓட்டுல நடந்ததா சொல்லுங்க?

இன்னொண்ணும் கவனிங்க. பதவி ஏத்த அன்னிக்கு எம்எல்ஏவா இல்லாதவங்க யாரு யாருன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். 1952ல காங்கிரசுக்கு 375 சீட்டுல 152தான், அப்போ ராஜாஜிய மேல்சபைக்கு (அந்தக் காலத்துல இருந்த சட்டமேலவைக்கு) நியமன உறுப்பினராக்கி கொண்டு வந்தாங்க, அது சரியான்னு இன்னும் சண்டை ஓடுது. காமராஜர் 1954ல முதல்வர் ஆனப்போ எம்பி, அப்புறம் குடியாத்தம் இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சாரு. மேல்சபை வழியவிட இந்த வழிதான் எனக்கு மரியாதையா படுது. அண்ணா 1967ல தென்சென்னை எம்பியா ஜெயிச்சவரு, முதல்வர் ஆனப்புறம் மேல்சபைக்குப் போனாரு. உறுப்பினரா இல்லாதவர் 6 மாசத்துக்குள்ள உள்ள வந்துடணும், அதான் விதி. ஆனா தேர்தல்ல நிக்கவே தகுதி இல்லாதவங்களுக்கு இந்த 6 மாசமும் செல்லாதுன்னு 2001 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லி ஜெயலலிதா நியமனத்த ரத்து பண்ணுச்சு, அன்னிக்கு ராத்திரியே பன்னீர்செல்வம் பதவி ஏத்தாரு.

காமராஜர் பத்தி ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. 1954ல சட்டமன்றக் காங்கிரஸ் தலைவர் தேர்தல்ல தன்னை எதிர்த்து நின்ன சி.சுப்பிரமணியத்தையும் அவர முன்மொழிஞ்ச பக்தவத்சலத்தையும் மந்திரிசபைல சேத்துக்கிட்டாரு, மொத்தமே 8 பேர். இப்போ 2003ல வந்த திருத்தப்படி சபைல 15 சதவீதம், அதாவது நமக்கு முதல்வரோட சேத்து 35 பேர் வரைக்கும் போகலாம்.

திருவல்லிக்கேணி தாத்தா:
எனக்கு வயசு அறுபத்தி மூணு. 1974ல ஆறாங்கிளாஸ். அந்த ஆகஸ்ட் 15 காலைல அப்பா ரேடியோ பொட்டிக்குப் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாரு, பல்லுகூட விளக்கல, டேய் சத்தம் போடாதடா நம்ம முதலமைச்சர் கோட்டைல கொடி ஏத்தறாருடான்னாரு. எனக்கு அது பெரிய விஷயம்னு அப்போ புரியல. அது வரைக்கும் சுதந்திர தினமானாலும் குடியரசு தினமானாலும் கவர்னர்தான் கொடி ஏத்துவாராம். மக்கள் தேர்ந்தெடுத்தவங்களுக்கு அந்த உரிமை வேணும்னு கலைஞர் இந்திரா அம்மாகிட்ட கேட்டு வாங்கினாரு, இங்க மட்டும் இல்ல, எல்லா மாநில முதல்வருக்கும் அந்த வருஷத்துல இருந்து கிடைச்சுது. ஜனவரி 26 இன்னும் கவர்னர்தான். எந்தக் கட்சிக்காரர் கோட்டை கொத்தளத்துல ஏறினாலும் எனக்கு அப்பா அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்ததுதான் ஞாபகம் வரும்.

ஆனா ஒண்ணரை வருஷத்துல, 1976 ஜனவரி 31, அதே ஆட்சிய மத்திய அரசு கலைச்சுட்டாங்க. 1980ல எம்ஜிஆர் ஆட்சி, 1991ல மறுபடி கலைஞர் ஆட்சி. மூணு தடவையும் சபைல மெஜாரிட்டி இருந்துச்சு. 1994ல பொம்மை வழக்குல (கர்நாடகா முன்னாள் முதல்வர் எஸ்.ஆர்.பொம்மை போட்டது) சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம்தான் பெரும்பான்மைய சபைலதான் பாக்கணும்னு ஆச்சு, இல்லன்னா இன்னும் எத்தன தடவ பாத்திருப்போமோ.

மலர்விழி_குரூப்2:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, தாத்தா உங்க பதில ரூம்மேட்டுக்கும் படிச்சுக் காட்டினேன். கேள்வில "சென்னை மாகாணம்"னு வந்தா சுப்பராயலு ரெட்டியார், "பெயர் மாற்றத்துக்குப் பின்"னு வந்தா அண்ணா, இப்படி பிரிச்சு எழுதிக்கிட்டேன். மொட்டையா கேட்டா?

பழைய கெஜட்:
மொட்டையா வந்தா ஆப்ஷன பாருங்கமா. நாலு ஆப்ஷன்ல நாம பாத்த பேர்ல ரெண்டு இருந்தா அந்தக் கேள்விக்கு ஆட்சேபணை போடலாம், உத்தேச விடைக்குறிப்பு வந்ததும் டைம் குடுப்பாங்க. அதுக்கு ஆதாரமா தேதிகள கைல வச்சுக்கோங்க: 17-12-1920, 15-8-1947, 26-1-1950, 14-1-1969. குமாரசாமி ராஜா பேரையும் அந்தப் பக்கத்துலயே எழுதி வைங்க.