ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்: மேக்மாவை 100 தளம் மேலேற்றி ஆப்சிடியன் கோபுரம் வார்க்க ஆலோசனை தேவை

அகழிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் கணினி ஆட்டத்தில் என் கோட்டை இப்போது நிலைபெற்றுவிட்டது. உணவுக்கும் மதுவுக்கும் குறைவில்லை. வாயிலில் இழுபாலம் இருக்கிறது. படையும் ஓரளவு பழகிவிட்டது. ஆகவே அடுத்த கோப்ளின் முற்றுகையைப் பற்றிக் கவலைப்படாமல் பெரிய கட்டுமானம் ஒன்றில் இறங்க விரும்புகிறேன்.

ஓடை ஓரத்துச் சமவெளியில், தரையிலிருந்து 20 தளம் உயர்ந்து நிற்கும் ஒரு கோபுரத்தை எழுப்ப வேண்டும். ஒவ்வொரு தளமும் 11-க்கு 11 கட்டங்கள். கல்லை அடுக்கிக் கட்டாமல், மேக்மாவையும் (உருகிய பாறைக் குழம்பு) நீரையும் சேரவிட்டு ஆப்சிடியனாக (கருங்கண்ணாடிப் பாறை) வார்த்து, முழுவதும் ஒரே பாறையாக நின்ற பிறகு உள்ளே அறைகளைக் குடைய எண்ணுகிறேன். சிக்கல் என்னவென்றால் என் நிலப்பரப்பில் எரிமலை இல்லை. மேக்மா கடல் தரையிலிருந்து ஏறத்தாழ 100 தளம் கீழே கிடக்கிறது.

2010-இல் ஓர் ஆட்டக்காரர் 672 பம்புகளையும் 8,500 இயங்குபொறிகளையும் கொண்டு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு கணினியைக் கட்டிக் காட்டியதைப் படித்ததிலிருந்தே இப்படி ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருக்கிறது. அந்த அளவுக்கு நான் போகப்போவதில்லை என்றாலும், தொடங்கும் முன் மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். மேக்மாவை மேலேற்றப் பம்பு அடுக்கு, சுரங்க வண்டி, பாறைத் தூணை வீழ்த்தும் பிஸ்டன் ஆகியவற்றுள் எது இந்த வேலைக்குப் பொருத்தம்? இதற்கு எவ்வளவு விசை தேவைப்படும்? வேலை முடியும்வரை எஃப்பிஎஸ் (கணினியில் ஆட்டம் ஓடும் வேகம்) தாக்குப்பிடிக்குமா?

நீர்ச்சகடம் எழுதியது:

வணக்கம் அகழிவாசி. உங்கள் வேலைக்குப் பம்பு அடுக்குதான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. மற்ற இரண்டும் ஏன் பொருந்தாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கட்டம் முழுமையாக நிரம்பினால் 7 அளவு; சுரங்க வண்டி ஒன்று ஒரு முறைக்கு 2 அளவு மேக்மாவைத்தான் சுமக்கும். மேக்மா உலைக்கு அடியில் 4 அளவு இருந்தாலே அது இயங்கும் என்பதால், தரைமட்டத்தில் நான்கைந்து உலைகள் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு வண்டியைவிடச் சிக்கனமான வழி கிடையாது. உங்களுக்கோ ஒரு தளத்துக்கு 121 கட்டங்கள். கட்டத்துக்கு 2 அளவு என்று வைத்துக்கொண்டாலும் தளத்துக்கு 121 நடை, 20 தளத்துக்கு 2,420 நடை. ட்வார்ஃப்கள் (கோட்டையில் வாழும் குள்ளர்கள்) அத்தனை நடையையும் முடிப்பதற்குள் உங்களுக்கு ஆர்வம் வடிந்துவிடும். பிஸ்டனோ, இயற்கைப் பாறையில் பெரிய தூண் ஒன்றைச் சுற்றிலும் குடைந்து தனியாக்கி, அதை மேக்மாவுக்குள் விழச்செய்து, இடம் இழந்த மேக்மா தூணின் தலைக்கு மேல் வந்து நிற்கும் விதியைப் பயன்படுத்துவது. விசையே இல்லாமல் பெரும் அளவு மேக்மா ஒரேயடியாகக் கிடைக்கும் என்றாலும், அது ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். தளம் தளமாக வார்ப்பதற்குத் தேவைப்படும்போதெல்லாம் திறந்து மூடக்கூடிய வரத்து வேண்டும்.

பம்பின் இயல்பு எளிது. ஒரு பக்கத்தில் தனக்கு ஒரு தளம் கீழே இருப்பதை இழுத்து, மறு பக்கத்தில் தன் தளத்திலேயே கொட்டும். அப்படிக் கொட்டிய கட்டத்திலிருந்தே மேலுள்ள பம்பு இழுக்குமாறு, திசையை மாற்றி மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் அது அடுக்காகிவிடும். மேல் பம்புக்கும் கீழ்ப் பம்புக்கும் இடையிலுள்ள தரையில் ஒரு கட்டத்தை அகழ்ந்து திறந்துவிட்டால் விசையும் அதன் வழியே பரவும். நீளமான அச்சுத்தண்டு எதுவும் வேண்டியதில்லை. டிஎஃப்ஹேக் என்ற துணைக் கருவியில் உள்ள குயிக்ஃபோர்ட் வரைபடத் தொகுப்பில் பம்பு அடுக்குக்கு ஆயத்த வரைபடம் ஒன்று இருக்கிறது. கையால் ஒவ்வொரு தளமாகக் குறிப்பதைவிட அதைப் பயன்படுத்துவது நல்லது, ஏனென்றால் 100 தளத்தில் ஒரு கட்டம் இடம் மாறினாலும் அடுக்கு முழுவதும் நின்றுவிடும்.

பம்பு ஒன்றுக்கு 10 விசை என்றால் 100 பம்புக்கு 1,000. நீர்ச்சக்கரம் 100 விசை தந்து தனக்கு 10 எடுத்துக்கொள்வதால் நிகரமாக 90 கிடைக்கும். 12 சக்கரங்கள் 1,080 தரும். பற்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 5, கிடை அச்சில் கட்டத்துக்கு 1 என்று கழிவதையும் சேர்த்தால் 13 சக்கரங்களாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடையின் மேற்பரப்பு நடக்கக்கூடிய தரையாகவே இருக்கும் என்பதால், சக்கரம் நிறுத்துவதற்கு முன் அந்தத் தரையை அகழ்ந்து நீரைத் திறந்துவிட வேண்டும்.

பம்பின் குழாய், திருகு, கட்டைக்கல் மூன்றும் மேக்மாவைத் தாங்கும் பொருளாக இருக்க வேண்டும். மரத்தில் செய்தால் எரிந்துவிடும். இரும்பை இதில் செலவழிப்பது வீண். உங்களிடம் மணல் இருந்தால் பச்சைக் கண்ணாடியே போதும். பம்புக்கு மூன்று பை மணல். மேக்மா கடலுக்கு நேர் மேலே கண்ணாடி உலையை அமைத்து, மணலை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் எரிபொருளே இல்லாமல் எல்லாப் பாகங்களும் தயாராகிவிடும். அடுக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதால் தூக்கிச் செல்லும் தூரமும் குறையும்.

உளி எழுதியது:

நீர்ச்சகடம் சொன்னதை அப்படியே ஏற்கிறேன்; ஆனால் கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பம்பு தள்ளும் மேக்மாவின் அழுத்தம் அந்தப் பம்பு நிற்கும் உயரம் வரைதான் செல்லும். தரைமட்டத்தில் அடுக்கு முடிந்தால், முதல் தளத்துக்கு மேல் மேக்மா ஏறாது. ஆகவே கோபுரத்தின் 20 தளத்துக்கும் சேர்த்து 120 பம்புகள், 1,200 விசை, 360 பை மணல் என்று திட்டமிடுங்கள். சக்கரங்கள் 14 வேண்டும். மேல் 20 பம்புகளுக்குத் தரைக்கு மேலே சுவர் எழுப்பி ஒரு கூடு கட்ட வேண்டியிருக்கும். விசை தரைமட்டத்தில் நுழைந்து மேலும் கீழும் பரவும்.

இனி வார்ப்பு. 11-க்கு 11 கோபுரத்துக்கு 13-க்கு 13 அளவில் வெளிச்சுவர் ஒன்றை வார்ப்பு அச்சாக எழுப்புங்கள். கட்டிய சுவர் எந்தக் கல்லில் ஆனதாக இருந்தாலும் மேக்மாவைத் தாங்கும். ஆனால் மேக்மாவில் மூழ்கும் மதகும் அதன் இயங்குபொறியும் அப்படியல்ல. அவற்றுக்குப் பாக்ஸைட், பசால்ட், கேப்ரோ போன்ற கற்களை ஒதுக்கி வைக்க வேண்டும்.

கட்டம் ஒவ்வொன்றும் 7 அளவுக்கு நிரம்ப வேண்டியதில்லை. தளம் முழுவதும் மேக்மா பரவி நின்றால் போதும். ஆனால் 1 அளவாக மெலிந்த கட்டம் சிறிது நேரத்தில் வற்றிவிடும் என்பதால் சராசரியாக 2-க்கு மேல் இருக்க வேண்டும். இதற்கு நான் விரும்பும் முறை, அடுக்கின் தலையில் ஒரு அளவுத் தொட்டி வைப்பது. 6-க்கு 8 கட்டத் தொட்டி நிரம்பினால் 48 பெருக்கல் 7, அதாவது 336 அளவு. அதை 121 கட்டங்களில் விட்டால் கட்டத்துக்கு 2.8 அளவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். தொட்டி நிரம்பியதும் வரத்தை மூடி, தொட்டியின் மதகைத் திறந்தால் ஒரு தளத்துக்கு வேண்டியது மட்டுமே இறங்கும். அளந்து விடுவதால் வழிந்தோடும் பேச்சே இல்லை; தளம் முழுவதும் சிவந்து பரவி நிற்பதைப் பார்ப்பதே ஒரு நிறைவு.

நீரை விடும் இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். நீரைப் பக்கவாட்டிலிருந்து விட்டால், அது தொடும் முதல் கட்டமே ஆப்சிடியன் சுவராகி வழியை அடைத்துக்கொள்ளும். ஒரு தளம் மேலிருந்து விட வேண்டும். அப்போது முதல் கட்டம் இறுகியதும் அதன் தலை தரையாகிவிடும். நீர் அதன் மேல் ஓடி அடுத்த கட்டத்து மேக்மாவில் விழும். இப்படியே விளிம்பு வரை கருமை பரவிக்கொண்டே போகும். முடிந்தபின் மேலே தேங்கும் மிச்ச நீர் முழுவதும் வடிந்து வற்றிய பிறகுதான் அடுத்த தளத்து மேக்மாவைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் இம்முறை மேக்மாவின் நுழைவாயில் அடைபடும்.

இவ்வளவு சிரமமும் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வார்த்த ஆப்சிடியன் இயற்கைப் பாறையாகவே கணக்கிடப்படுகிறது. அதைக் குடையலாம், வழவழப்பாக்கலாம், சிற்பம் செதுக்கலாம். சாதாரணக் கல்லைவிட மூன்று மடங்கு மதிப்பும் உண்டு. வெட்டவெளியில் நிற்கும் ஒரு பாறையைக் குடைந்து, தங்கள் கோட்டையின் வரலாற்றையே ட்வார்ஃப்கள் அதன் சுவர்களில் செதுக்குவதைப் பார்க்கும்போது இந்த ஆட்டத்தை உருவாக்கிய டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் சகோதரர்கள் மீது எனக்குப் பெரும் மரியாதை ஏற்படுகிறது. 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த ஆட்டத்தைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது முற்றிலும் பொருத்தமே.

அகழிவாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 120 பம்பு என்ற கணக்கும் அளவுத் தொட்டியும் என் வரைபடத்தையே மாற்றிவிட்டன. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. என் நிலப்பரப்பில் குளிர்காலத்தில் ஓடை உறைந்துவிடுகிறது. அப்போது சக்கரங்களும் நிற்குமே, என்ன செய்வது? எஃப்பிஎஸ் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். என் நிலப்பரப்பு 4-க்கு 4. மக்கள்தொகை 200-ஐ நெருங்குகிறது.

பரண் எழுதியது:

எஃப்பிஎஸ் பற்றி நான் சொல்கிறேன். அசையாமல் நிரம்பி நிற்கும் நீருக்கும் மேக்மாவுக்கும் கணினி அதிகம் உழைப்பதில்லை. பாய்ந்துகொண்டிருக்கும்போதுதான் ஒவ்வொரு கட்டத்தின் அளவையும் ஓயாமல் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அளவுத் தொட்டி உங்களுக்கு இரட்டை நன்மை. பம்பு அடுக்கு தொட்டியை நிரப்பும் சிறிது நேரம் மட்டும் ஓடி, மற்ற நேரமெல்லாம் நின்றுகிடக்கும். அடுக்கை எப்போதும் ஓடவிட்டு மதகால் மட்டும் தடுப்பவர்கள்தான் ஆட்டம் நகரவில்லை என்று வருந்துகிறார்கள்.

4-க்கு 4 நிலப்பரப்பு என்றால் ஒரு தளத்துக்கு 192-க்கு 192 கட்டங்கள். 200 பேரும் கால்நடைகளும் அதில் வழி தேடிக்கொண்டிருப்பார்கள். இப்போதைய கோட்டையைச் சுருக்க முடியாது, ஆனால் மக்கள்தொகை வரம்பை அமைப்புகளில் குறைத்து வைக்கலாம், தேவையற்ற கால்நடைகளைக் கசாப்புக்கு அனுப்பலாம், திறந்து கிடக்கும் குகை அடுக்குகளின் வாயில்களைச் சுவரெழுப்பி அடைக்கலாம். மூன்றையும் கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

வேலையின் வரிசையில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. இத்தகைய பெருவேலையில் முதலில் கட்ட வேண்டியது நிறுத்தும் வழியே. ஓட்டும் வழி அதற்குப் பிறகுதான். லீவரை இழுத்தபின் மதகு அசைய 100 படிகள் (ஆட்ட நேரத்தின் மிகச் சிறிய அலகு) ஆகும். ஆட்டத்தின் ஒரு நாள் 1,200 படிகள்தான் என்பதால் இது சிறிய தாமதமல்ல. அதற்குள் மேக்மா எவ்வளவு இறங்கும் என்பதைத் தாளில் கணக்கிட்டு நம்பிவிட வேண்டாம். மேக்மா கடலுக்கு அருகே இரண்டு பம்பு, ஒரு சிறு தொட்டி, ஒரு மதகு, 3-க்கு 3 அச்சு ஒன்று என்று சிறிய மாதிரியைக் கட்டி, ஒரு முறை முழுமையாக வார்த்துப் பாருங்கள். பம்பை ஒரு ட்வார்ஃப் கையாலும் இயக்க முடியும் என்பதால் இதற்கு விசைகூட வேண்டியதில்லை. நீருக்கு மட்டும் ஓடையிலிருந்து கீழே ஒரு வாய்க்கால் வேண்டும். 100 தளம் கீழே இறங்கும் அந்த நீர் தான் புறப்பட்ட உயரம் வரை மீண்டும் ஏறிவிடும் அழுத்தத்தோடு வரும். வாய்க்கால் ஓரிடத்தில் மூலைவிட்டமாக மட்டும் கடக்குமாறு வெட்டினால் அந்த அழுத்தம் அங்கேயே அறுந்துவிடும்.

இன்னொரு செய்தி. இந்த ஆட்டத்தில் எடை என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு கட்டம் ஒட்டிக்கொண்டிருந்தால் மலையே தொங்கும். அந்த ஒட்டும் போனால் மொத்தமும் சரியும். எழும் புழுதி அருகிலிருப்பவர்களைத் தூக்கியெறியும். கோபுரம் வார்த்து முடிந்து வெளி அச்சைப் பிரிக்கும்போது மேலிருந்து கீழாகவே பிரியுங்கள்.

நீர்ச்சகடம் எழுதியது:

குளிர்காலத்துக்கான விடை: சக்கரங்களை ஓடையில் வைக்காமல் தரைக்கு அடியில் வைத்துவிடுங்கள். வெட்டவெளியில் உள்ள நீர்தான் உறையும். நிலவறையில் ஒரு சிறு சுற்றுக் கால்வாய் வெட்டி, அதில் நீரை ஒரு முறை நிரப்பி, ஒரு பம்பு அதைச் சுழற்றிக்கொண்டே இருக்குமாறு அமைத்து, மேலே சக்கரங்களை நிறுத்தினால், பம்பு எடுக்கும் 10 விசையைவிடப் பல மடங்கு சக்கரங்கள் தந்துகொண்டிருக்கும். இயற்பியல் இதை ஏற்காது. ஆட்டத்தின் விதி ஏற்கிறது. முதல் சுற்றை மட்டும் ஒரு ட்வார்ஃப் கையால் இயக்கித் தொடங்கிவைக்க வேண்டும். வார்ப்பு நீர் வெட்டவெளியில் விழுவதால் அதைக் குளிர்காலத்தில் செய்ய இயலாது. அந்தப் பருவத்தைப் பம்புப் பாகங்கள் செய்யவும் மேல் கூட்டைக் கட்டவும் ஒதுக்கிவிடுங்கள்.

பரண் சொன்ன நிறுத்தும் வழிக்கு ஒரு யோசனை. சக்கர அறைக்கும் பம்பு அடுக்குக்கும் நடுவே ஒரு பற்சக்கரத்தை வைத்து, அதை லீவரோடு இணையுங்கள். லீவரை இழுத்ததும் பற்சக்கரம் விடுபட்டு அடுக்கு நின்றுவிடும். சக்கரங்கள் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும், மறுபடியும் தொடக்கிவைக்கும் வேலை இருக்காது. தரைமட்டத்தில், அதாவது 100-ஆம் பம்புக்கும் 101-ஆம் பம்புக்கும் இடையிலுள்ள தரையைத் திறக்காமல் விட்டு, மேல் 20 பம்புகளுக்கு இரண்டாவது பற்சக்கரம் வழியே தனியாக விசை கொடுங்கள். அப்படிச் செய்தால் கோபுரத்தின் தலையில் ஏதேனும் பழுதுபார்க்கும்போது மேல் பகுதியை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். கீழ்ப்பகுதி தரைமட்டத்து உலைகளுக்கு மேக்மாவைத் தந்துகொண்டே இருக்கும். இரண்டு லீவர்களுக்கும் குறிப்புப் பெயர் எழுதி, வெவ்வேறு அறைகளில் வையுங்கள்.