கத்திரி வெயிலில் கைக்கடிகாரத்துக்கு எந்தத் துணி வார்? மணிக்கட்டில் அரிப்பு நிற்கவில்லை

கேட்பவர்: நடத்துநர், சத்துவாச்சாரி

வேலூர்–திருவண்ணாமலை தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸில் நடத்துநராக இருக்கிறேன். அப்பா விட்டுச்சென்ற எச்.எம்.டி. கடிகாரத்தைத்தான் கட்டுகிறேன், தினமும் சாவி கொடுக்க வேண்டிய வகை. கண்ணமங்கலத்தில் எத்தனை மணிக்கு நுழைந்தோம், போளூரில் எத்தனை நிமிடம் நின்றோம் என்று நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறேன். இடது கையால் மேல்கம்பியைப் பிடித்தபடி நிற்பதால் உள்ளங்கை வியர்வை மணிக்கட்டில் இறங்கி வாருக்கு அடியில் தேங்கிவிடுகிறது.

தோல் வார் ஒரு கோடைக்குமேல் தாங்குவதில்லை. நாற்றம் வேறு. போன மாதம் நைலான் வார் ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். அதன் ஓரம் கையை அறுக்கிறது. கடிகாரம் மேடேறி நின்று டிக்கெட் பையின் பட்டையில் மாட்டுகிறது. தோல் வாரில் இருந்த அரிப்பும் அப்படியே இருக்கிறது. வார் 20 மி.மீ. அகலம், கடிகாரத்தில் வார் மாட்டும் காதுகளுக்கு நடுவே அளந்தால் 18 மி.மீ.தான். மடக்கித் திணித்திருக்கிறேன். மணிக்கட்டுச் சுற்றளவு 15.5 செ.மீ. பருத்தி வாருக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: முன்னாள் ராணுவத்தார், கம்மவான்பேட்டை

தம்பி, நீங்கள் வாங்கியிருப்பது கடிகாரத்தின் அடியில் இரண்டு மடிப்பாகப் போகும் வகை என்று நினைக்கிறேன். பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் 1973-இல் தன் வீரர்களுக்காக வகுத்த அளவு அது: 20 மி.மீ. அகலம், 280 மி.மீ. நீளம், 1.2 மி.மீ. தடிமன். 'நேட்டோ வார்' என்று விற்கிறார்கள். வாரைப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பி ஒரு பக்கம் உடைந்தாலும் கடிகாரம் கையைவிட்டு விழாது. அதற்காகவே அப்படிச் செய்தார்கள். ஆனால் இரண்டு மடிப்பு என்றால் கடிகாரம் 2.4 மி.மீ. உயர்ந்துவிடும். உங்கள் கை மெலிந்த கை. 280 மி.மீ. நீளத்தில் மிச்ச வாலை மடித்துச் செருகவே இடம் போதாது.

அடியில் உள்ள குட்டை மடிப்பை வெட்டிவிட்டு ஒற்றை மடிப்பாகக் கட்டலாம். கடிகாரம் விழாமல் காக்கும் குணம் அதிலும் இருக்கும். வெட்டிய முனையை அகல் விளக்குச் சுடரருகே ஒரு நொடி காட்டினால் நைலான் உருகி இழை பிரியாது. உருகியதை விரலால் தொடாதீர்கள், சுட்டுவிடும். இருந்தாலும் 18-க்குள் 20-ஐத் திணிக்காதீர்கள். மடிந்த ஓரம் நிமிர்ந்து நின்று அறுக்கத்தான் செய்யும்.

பதில்: தறிக்காரர், குடியாத்தம்

லுங்கி நெய்கிற குடும்பம் என்பதால் ஓரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நெசவில் குறுக்கு இழையான ஊடை திரும்பும் இடம்தான் கரை. அது தானாகவே மெத்தென்று இருக்கும். விலை குறைந்த வார்களில் அகலமான பட்டையைச் சூட்டால் அறுத்து வார் ஆக்கிவிடுகிறார்கள். கரையே இருக்காது, உருகி இறுகிய விளிம்புதான் இருக்கும். வாங்கும்முன் ஓரத்தைக் கீழுதட்டில் மெல்ல இழுத்துப் பாருங்கள். விரல் காய்த்துப் போயிருக்கும். உதடு பொய் சொல்லாது. ஊசித் துளைகளையும் அப்படியே சோதியுங்கள். சூட்டுக் கம்பியால் போட்ட துளையின் அடியில் மணல்போல் உறுத்தும்.

பருத்தி உங்கள் வேலைக்கு வேண்டாம். பஞ்சு காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். நைலான் அதில் பாதியளவுதான். வியர்வை ஏறினால் பருத்தி வார் மாலைவரை காயாது. வீட்டில் இருப்பவருக்கு அது சுகம், பஸ்ஸில் நிற்பவருக்கு இல்லை.

பெர்லான் வார் என்று கேளுங்கள். அதுவும் நைலான்தான், ஆனால் நெய்தது அல்ல, பின்னியது. கயிற்றுக் கட்டில்போல் கண் கண்ணாக இருப்பதால் காற்று ஊடாடும். துளையே கிடையாது, கொக்கியின் ஊசி பின்னலுக்குள் எந்த இடத்திலும் நுழையும். காலையில் ஒரு பிடிப்பு, மதியம் கை வீங்கினால் அரை விரற்கடை தளர்வு என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் ஒரே மடிப்பு.

பதில்: கடிகாரப் பழுதுக்காரர், காட்பாடி

எல்லாரும் துணியைப் பார்க்கிறீர்கள். நடத்துநர் அண்ணா, அரிப்பு எங்கே இருக்கிறது? மணிக்கட்டைச் சுற்றியா, ஓரிடத்திலா?

கேட்பவர்

ஓரிடத்தில்தான். கைக்கு உள்பக்கம், நாணயம் அளவுக்குச் சிவந்து சொரசொரப்பாக இருக்கிறது. தோல் வார் இருந்தபோதும் அதே இடம்தான்.

பதில்: கடிகாரப் பழுதுக்காரர், காட்பாடி

அது கொக்கி உட்காரும் இடம். வார் மாறியும் அரிப்பு இடம் மாறவில்லை என்றால் துணியின் மேல் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. முலாம் பூசிய கொக்கியில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும். முலாம் தேய்ந்தபின் வியர்வை உப்பு அதைக் கரைத்துத் தோலில் சேர்க்கிறது. பலருக்கு அது ஒவ்வாது. ஐரோப்பிய ஒன்றியம் உடலில் படும் பொருள்களிலிருந்து வெளியேறும் நிக்கலுக்கு 1994-லேயே வரம்பு விதித்தது இதற்காகத்தான். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி கேளுங்கள். அதிலும் நிக்கல் உண்டு, ஆனால் வெளியே கசிவது மிகக் குறைவு. அதுவும் சேரவில்லை என்றால் டைட்டானியம். புண் நீர் கசிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்; முதுகில் ஒட்டுப் போட்டு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் சோதனை உண்டு.

பழைய கடிகாரங்கள் பலவற்றின் உடல் முலாம் பூசிய பித்தளை. அதனால் அடியில் துணி படர்ந்து போகும் வார்தான் உங்களுக்கு ஏற்றது. உலோகம் தோலில் படுவது குறையும்.

பதில்: தோல் பதனிடுபவர், பேரணாம்பட்டு

தோலை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வேறு, குரோமில் பதனிட்டது வேறு. குரோமும் சிலருக்கு ஒவ்வாது. மார்கழியில் கட்டிக்கொள்ள, பட்டையில் பதனிட்ட தோல் வார் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் எந்தத் தோலும் உங்கள் வியர்வைக்குத் தாங்காது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

கேட்பவர் (இரண்டு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. லாங் பஜார் பக்கம் ஒரு கடையில் 18 மி.மீ. பெர்லான் வார், சாம்பல் நிறத்தில் கிடைத்தது. உதட்டில் இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர் வியப்பாகப் பார்த்தார், காரணம் சொன்னதும் இன்னும் இரண்டு வாரை எடுத்துக் காட்டினார். கொக்கியை எஃகுக்கு மாற்றிக் கொடுத்தார். சிவப்பு ஐந்தாறு நாளில் மங்கத் தொடங்கி இப்போது தோல் உரிந்து ஆறிவருகிறது. கடிகாரம் கையோடு படிந்திருக்கிறது, பைப்பட்டையில் மாட்டுவதில்லை. இரவு சோப்பு நீரில் அலசி ஜன்னல் கம்பியில் போட்டால் காலை ஐந்து மணி நடைக்கு முன் காய்ந்துவிடுகிறது.

பழைய வாரைக் கழற்றியபோது ஒரு பக்கத்து ஸ்பிரிங் கம்பி துருவேறிப் பாதி தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டேன். தோல் வாராகவே இருந்திருந்தால் அப்பாவின் கடிகாரம் எந்த நிமிடமும் ஓடும் பஸ்ஸில் விழுந்திருக்கும்.