மாமா ஏர்கோனை நிறுத்திவிட்டுப் படுக்கிறார்: கரண்டு பில் 130-லிருந்து 330 ஆனது எதனால்?

சிப்புட் மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒற்றை மாடித் தாமான் வீடு. நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மாதம் 430 யூனிட்டை ஒட்டி வரும், பில் 130 வெள்ளி. தோட்டத்து லயத்தைக் காலி செய்துவிட்டு மாமாவும் அத்தையும் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். இப்போது 760 யூனிட், 330 வெள்ளி.

மாமாவுக்குப் பக்கவாதம். எழுந்து நடக்க முடியாது. மத்தியான வெயிலில் அறை கொதிக்கிறது என்று 1 எச்பி ஏர்கோன் ஒன்று, வேறொருவர் பயன்படுத்திய பழையது, வாங்கி மாட்டினோம். இன்வெர்ட்டர் இல்லை. அந்தப் பில் மாமா கண்ணில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் ஏர்கோனைப் போட்டுவிட்டு வெளியே வந்தால், நல்ல கையால் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுகிறார். முதுகெல்லாம் வியர்த்துப் போய்க் கிடக்கிறார். படுக்கைப் புண் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. "நான் வந்துதானே இவர்களுக்கு இவ்வளவு செலவு" என்று அத்தையிடம் சொன்னாராம்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒரு ஏர்கோன் மட்டும் மாதம் 330 யூனிட் கூடுதலாக இழுக்குமா? அப்புறம், யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பில் மட்டும் எப்படி இரண்டரை மடங்கு ஆகும்?

மீட்டர் ஸ்மார்ட் மீட்டர்தான். பில்லில் உள்ள ரீடிங்கும் மீட்டரில் உள்ளதும் ஒத்துப்போகிறது, பார்த்துவிட்டேன்.

லாடாங் பையன்:

அக்கா, கரண்டு எங்கேயோ மண்ணில் கசிகிறது. பழைய வீடுகளில் இது சகஜம். வயரை மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பிளக்கில் செருகுகிற மாதிரி ஒரு பெட்டி விற்கிறார்கள், பில் பாதியாகிவிடும் என்கிறார்கள். அதையும் ஒன்று போட்டுப் பாருங்களேன்.

தாப்பா டீச்சர்:

பில் எகிறுவதற்குக் காரணம் படிக்கட்டுக் கட்டணம் தங்கச்சி. முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100-க்கு 33.4, 300-க்கு மேலே 51.6 என்று ஏறிக்கொண்டே போகும். மேலே போன யூனிட்டுகள்தான் விலை கூடியவை.

பழைய வயர்மேன்:

தம்பி, டீச்சர், இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பிள்ளை தப்பான இடத்தில் காசைப் போட்டுவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

முதலில் கசிவு. வீட்டுச் சுவிட்சுகள் எல்லாம் சேர்ந்திருக்கிற டிபி பெட்டியில் இஎல்சிபி இருக்கும், அதாவது கரண்டு கசிந்தால் தானே விழுந்து கரண்டை நிறுத்துகிற சுவிட்சு. மொத்த வீட்டுக்கும் பொதுவாக இருப்பது 100 மில்லி ஆம்பியர். அதைத் தொடும் அளவுக்குக் கசிந்தால் விழுந்துவிடும். விழாமல் அதன் விளிம்பிலேயே இரவும் பகலும் கசிகிறது என்றே வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 23 வாட், மாதம் 17 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். 330 யூனிட்டுக்கு அது கணக்காகாது. இஎல்சிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் அது வேலை செய்கிறது. விழாவிட்டால் பில்லை மறந்துவிட்டு உடனே வயர்மேனைக் கூப்பிடுங்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது.

அந்தப் பிளக்குப் பெட்டியை வாங்காதீர்கள். வீட்டு மீட்டர் நீங்கள் செலவழித்த யூனிட்டைத்தான் எண்ணுகிறது. அதை அந்தப் பெட்டி குறைக்காது.

டீச்சர் சொன்னது பழைய கட்டணம். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் கணக்கு மாறிவிட்டது. இப்போது உற்பத்திக்கு 27.03 சென், கொள்ளளவுக்கு 4.55, மின்கம்பித் தடத்துக்கு 12.85. கூட்டினால் ஒரு யூனிட்டுக்கு 44.43 சென். 1,500 யூனிட்டுக்குள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் இதே விலை. அதிலிருந்து ஓர் ஊக்கத்தொகையைக் கழிக்கிறார்கள். குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கழிவு அதிகம். 200 யூனிட்டுக்குள் என்றால் யூனிட்டுக்கு 25 சென் கழியும். 430-க்கு 14.5 சென். 760-க்கு வெறும் 4 சென். ஆயிரத்தைத் தாண்டினால் ஒன்றுமில்லை.

இதில் பலருக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு. கழிவு குறைவது மேலே போன யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்து அத்தனைக்கும்தான். நீங்கள் 430-ல் இருந்தபோது ஒவ்வொரு யூனிட்டும் 29.93 சென். 760-க்குப் போனதும் அதே பழைய 430 யூனிட்டும் சேர்ந்து 40.43 சென் ஆகிவிட்டது. பில் இரண்டரை மடங்கு ஆனது இப்படித்தான்.

அப்புறம் 600. அதைத் தாண்டினால் கழிவு இன்னொரு படி குறையும், 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் (ரீடெயில்) வரும், தாண்டிய பகுதிக்கு 8% சேவை வரி வரும், மாதா மாதம் மாறுகிற எரிபொருள் சரிக்கட்டலும் உங்களைச் சேரும். அந்தச் சரிக்கட்டலை விட்டுவிட்டுப் பார்த்தாலே 600 யூனிட்டுக்கு ஏறக்குறைய 216 வெள்ளி, 601-க்கு 236. ஒரே யூனிட்டில் 20 வெள்ளி! அதனால் பழையபடி 430-க்கு வர வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். ஆறு பேர் இருக்கிற வீடு இப்போது. 600-க்குள் வந்தால் போதும். அதாவது ஒரு நாளைக்கு 20 யூனிட்.

இனி எது இழுக்கிறது என்று பார்ப்போம். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்திலேயே யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 1000 என்றிருந்தால், இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை வினாடி என்று பார்த்து, 3600-ஐ அதனால் வகுங்கள். அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் அதுதான். டிபி பெட்டியில் உள்ள சின்னச் சுவிட்சுகளை நிறுத்திவிட்டு ஒவ்வொரு சாமானாகப் போட்டுப் பாருங்கள். மூடியைக் கழற்ற வேண்டாம், வெளியே இருக்கிற சுவிட்சு போதும். மாமாவுக்குக் காற்று மெத்தையோ வேறு கருவியோ ஓடினால் அந்தச் சுவிட்சைத் தொடாதீர்கள்.

சிப்புட் மருமகள்:

ஐயா, ரொம்ப நன்றி. அந்தக் காற்று மெத்தைதான் இரவும் பகலும் ஓடுகிறது. அதனால் இருக்குமோ என்று நினைத்தேன்.

பழைய வயர்மேன்:

இல்லையம்மா. அந்தச் சின்னப் பம்ப் பெரும்பாலும் 10 வாட்டுக்குள்தான். மாதம் 7 யூனிட் வரும். அதை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

சிப்புட் மருமகள்:

சனிக்கிழமை நானும் கணவரும் செய்து பார்த்தோம். மீட்டரில் 1000 துடிப்பு என்றுதான் இருக்கிறது. இஎல்சிபி டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் விழுந்தது.

மத்தியானம் ஏர்கோன் மட்டும் ஓடும்போது 4 வினாடிக்கு ஒரு சிமிட்டல், அதாவது 900 வாட். 18-ல் வைத்திருந்தோம், நின்ற பாடில்லை.

எதிர்பாராதது வேறொன்று. மற்ற சுவிட்சுகளைத் திரும்பப் போட்டு, ஏர்கோனை மட்டும் நிறுத்திவிட்டுப் பார்த்தால் மீட்டர் இன்னும் சிமிட்டுகிறது. ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்ததில் பின்கட்டுப் பிளக்கு வந்தது. அதில் இருப்பது அத்தையின் பழைய ஐஸ்பெட்டி, லயத்திலிருந்து கொண்டு வந்தது. 20 வினாடிக்கு ஒன்று, 180 வாட். சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தாலும் அதே 20 வினாடி. எங்கள் முன்கட்டு ஐஸ்பெட்டி ஓடும், நிற்கும். இது நிற்கவே இல்லை.

பழைய வயர்மேன்:

கண்டுபிடித்துவிட்டீர்கள். 180 வாட் நிற்காமல் ஓடினால் நாளுக்கு 4.3 யூனிட், மாதம் 130. கூடிய 330-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஐஸ்பெட்டியுடையது. இதை மாமாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

இப்போது அதன் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு வெள்ளி நோட்டைக் கதவில் பாதி உள்ளே வைத்துச் சாத்திவிட்டு இழுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. நான்கு பக்கமும் பாருங்கள்.

சிப்புட் மருமகள்:

கீழ் மூலையில் நோட்டைப் பிடிக்கவே இல்லை, தானாக விழுகிறது. ரப்பர் கறுத்து, விரல் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. பின்கட்டுக்குத் தகரக் கூரை, பெட்டி சுவரோடு ஒட்டி நிற்கிறது, பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு.

ஆனால் அதை நிறுத்தச் சொல்ல முடியாது ஐயா. அத்தை தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறார். தோட்டத்தில் இருந்தபோதே செய்த தொழில், இங்கேயும் வாடிக்கை பிடித்துவிட்டார். கையில் நாலு காசு இருக்கிற தெம்பு அதில்தான்.

பழைய வயர்மேன்:

நிறுத்தவே வேண்டாம். ரப்பரை மட்டும் மாற்றுங்கள். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுங்கள், வெயில் விழாத பக்கமாக வையுங்கள். பின்னால் உள்ள கம்பி வலையில் தூசியைத் தட்டுங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு. அரைத்த மாவு சூடாக இருந்தால் ஆறியபின் உள்ளே வைக்கச் சொல்லுங்கள். மோட்டார் விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தால் 130 யூனிட் பாதியாகிவிடும். ஆகவில்லையென்றால் பெட்டியைக் குளிரவைக்கிற கேஸ் குறைந்திருக்கலாம், அப்போது ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

கெமுந்திங் அம்மா:

எங்கள் வீட்டிலும் படுக்கையில் ஒருவரை வைத்துப் பார்த்தோம், அதனால் இந்த இழையை முதலிலிருந்து படிக்கிறேன். மாமா அறை ஜன்னல் நாக்கோ கண்ணாடியா மகளே? அப்படியென்றால் 18-ல் வைத்தும் நிற்காததற்கு அதுவும் காரணம். கண்ணாடிச் சட்டங்கள் எவ்வளவு மூடினாலும் நடுவே சந்து இருக்கும், குளிர் அத்தனையும் ஓடிவிடும். கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் விரிப்பை உள்பக்கமாக ஜன்னல் சட்டத்தில் ஒட்டிவிடுங்கள், வெளிச்சமும் வரும். கதவுக்குக் கீழே பழைய துண்டு. மேற்கே பார்த்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு மறைப்பு.

அதற்கப்புறம் 25-ல் வைத்து, கூடவே காத்தாடியை மெதுவாகச் சுழல விடுங்கள். நேராக முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு அது போதும். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது இந்த ரகத்துக்குச் சரியில்லை. அது ஒரே வேகத்தில்தான் ஓடும், நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஏர்கோனின் தூசி வலையை மாதம் ஒரு தடவை கழுவுங்கள். பழைய சாமான் என்பதால் ஒரு முறை முழு சர்வீஸும் தேவைப்படும்.

இன்னொன்று. எந்நேரமும் வெந்நீர் வைத்திருக்கிற மின்சாரக் கூஜா இருக்கிறதா? பெரியவர்கள் வந்த வீட்டில் அநேகமாக அதுவும் வந்திருக்கும்.

சிப்புட் மருமகள்:

இருக்கிறது அம்மா! மாமாவுக்கு மைலோ கலக்க, துடைத்துவிட, எல்லாவற்றுக்கும் அதுதான்.

கெமுந்திங் அம்மா:

அது நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். காலையில் ஒரு தடவை கெட்டலில் கொதிக்கவைத்து, நல்ல பிளாஸ்கில் ஊற்றிவிடுங்கள். சாயங்காலம் வரை சூடு இருக்கும்.

சிப்புட் மருமகள்:

புதுப் பில் வந்துவிட்டது. 588 யூனிட், 212 வெள்ளி!

ரப்பர் மாற்றியதும் ஐஸ்பெட்டி விட்டுவிட்டு ஓடுகிறது. ஏர்கோனைச் சர்வீஸ் செய்ய வந்தவர் வலையைக் கழற்றியபோது தூசி கம்பளி மாதிரி வந்தது. பிளாஸ்டிக் ஒட்டியபின் 25-லேயே அறை குளிர்கிறது, இடையிடையே கம்ப்ரெஸர் நிற்கிற சத்தமும் கேட்கிறது. கூஜாவை எடுத்து மேலே வைத்துவிட்டோம்.

மின்வாரியத்தின் மைடிஎன்பி செயலியில் முந்தைய நாள் கணக்கு வருகிறது. அதை என் பெரிய மகன் தாத்தாவுக்குத் தினமும் படித்துக் காட்டுகிறான். நேற்று 19.2 என்றதும், "அப்ப இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றார். இப்போது ரிமோட்டைத் தொடுவதில்லை.

கணவர் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். இரவில் கரண்டு மலிவு என்று ஒரு திட்டம் இருக்கிறதாமே, அதற்கு மாறலாமா?

பழைய வயர்மேன்:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது அம்மா.

திட்டம் உண்டு, ஸ்மார்ட் மீட்டர் இருப்பதால் நீங்கள் கேட்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்ற நேரமும் சனி, ஞாயிறு முழுதும் மலிவு நேரம். உற்பத்திக் கட்டணம் மட்டும்தான் மாறும். 27.03-க்குப் பதிலாக உச்ச நேரத்தில் 28.52 சென், மலிவு நேரத்தில் 24.43. உங்கள் அளவுக்கு மாதம் சில வெள்ளிதான் மிச்சமாகும், அதுவும் பெரும்பகுதி இரவில் ஓடினால். மாமாவுக்கு ஏர்கோன் தேவைப்படுவது அந்த உச்ச நேர வெயிலில். "இது விலை கூடிய நேரம்" என்று அவர் காதில் விழுந்தால் மறுபடியும் ரிமோட்டை எடுத்துவிடுவார். என்னைக் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

பீடோர் கண்ணன்:

அக்கா, எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியிலும் நோட்டு நிற்கவில்லை. ரப்பர் எங்கே கிடைத்தது? கடையில் கேட்டால் இந்த மாடல் இப்போது வருவதில்லை என்கிறார்கள்.

சிப்புட் மருமகள்:

எங்களுக்கும் அதையேதான் சொன்னார்கள் தம்பி. ஐஸ்பெட்டி ரிப்பேர் கடையில் அளவெடுத்து வெட்டி ஒட்டித் தருகிறார்கள், காந்தப் பட்டையோடு. கதவின் உள்பக்கம் நீளம், அகலம் இரண்டையும் அளந்து, பழைய ரப்பரில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அந்தப் பள்ளத்தில் உட்காரும் ரகம் எது என்று அதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.