எம்பி எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று எங்கே பார்ப்பது?

தெற்குவீதி எழுதியது:
எங்கள் தொகுதி வாட்ஸப் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. எம்பியின் வருகை, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள் எல்லாமே தேசிய சராசரிக்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள். எம்பிக்களின் செயல்பாட்டைத் தொகுத்துத் தரும் பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பின் தளத்தில் போய்ப் பார்த்தேன், எண்கள் சரிதான். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல. முக்கியமான மசோதாக்கள் வந்தபோது இவர் ஆதரித்தாரா, எதிர்த்தாரா, வாக்கெடுப்பின்போது அவையில் இருந்தாரா? வோட்டுப் போட்டவனுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதானே, இது ஏன் எங்குமே ஒரு பட்டியலாக இல்லை?

பழைய நிருபர்:
பட்டியல் இல்லாததற்கு முக்கியக் காரணம், பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதுதான். ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள், எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று சபாநாயகர் முடிவு சொல்லிவிடுவார். யார் எதைச் சொன்னார் என்பதற்குப் பதிவே கிடையாது. யாராவது எழுந்து டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணும் வாக்கெடுப்பு கேட்டு, அது ஏற்கப்பட்டால்தான் பெயர் பெயராக வாக்கு பதிவாகும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் தரவில்லை, குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். நாட்டையே உலுக்கிய சட்டம், யார் எப்படி வாக்களித்தார் என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

அரசியலமைப்புத் திருத்தம் என்றால் டிவிஷன் கட்டாயம். 2023இல் பெண்கள் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியதே, அதில் எல்லாப் பெயரும் இருக்கும். நாடாளுமன்றத்தின் சன்சத் தளத்தில் அந்தத் தேதியின் விவாதப் பதிவை இறக்கிக்கொள்ளுங்கள். ஆதரவு, எதிர்ப்பு என்று பெயர்கள் வரிசையாக வரும். அடிக்குறிப்பையும் பாருங்கள், பொத்தானை அழுத்தாமல் சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களின் பெயர் அங்கேதான் இருக்கும். அது சின்ன எண்ணிக்கை என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகம் செய்தபோது மின்னணுப் பலகையில் முதலில் வந்தது 220க்கு 149. சீட்டுகளைச் சேர்த்த பிறகு 269க்கு 198.

மலைக்கோட்டை:
அண்ணன் சொன்னதோடு கொறடாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடுபவர் அவர். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகும். அதனால் பெரும்பாலும் எம்பியின் வாக்கு என்பது கட்சியின் வாக்குதான், தனியாளின் நிலைப்பாட்டை அதில் தேடினால் கிடைக்காது. கட்சியிடம்தான் கேட்க வேண்டும்.

ஆனாலும் பதிவு வேண்டும், ஏனென்றால் பேசுவது ஒன்று, வாக்கு வேறொன்று. 2019 ஜூலையில் முத்தலாக் மசோதாவை மக்களவையில் அதிமுகவின் ஒரே உறுப்பினரான ரவீந்திரநாத் ஆதரித்தார். சில நாளில் மாநிலங்களவையில் அதே கட்சி எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தது, ஐக்கிய ஜனதா தளமும் வெளியே போனது, மசோதா 99க்கு 84 என்று நிறைவேறியது. வெளிநடப்பு என்பது எதிர்ப்பு வாக்கு ஆகாது, அவையில் எண்ணிக்கையைக் குறைத்து மசோதா நிறைவேற வழிவிடுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105. அதிமுகவின் 11 பேர் ஆதரித்தார்கள். அந்த 11ஐ மறுபக்கம் போட்டுக் கணக்குப் பாருங்கள், 114க்கு 116 வரும். இதைவிடப் பெரிய மதிப்பெண் பட்டியல் எதற்கு?

நெல்லை வாசகி:
நான் கேள்விகளைப் பற்றிச் சொல்கிறேன். எண்ணிக்கையை விட்டுவிட்டு நாலு கேள்வியை முழுசாகப் படியுங்கள் சார். மக்களவையில் ஒரு நாளைக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்தில் மட்டும் பதில் வரும் கேள்விகள் 230. துணைக் கேள்வி போட்டு அமைச்சரை மடக்க முடிவது நட்சத்திரக் கேள்வியில் மட்டும்தான், அதிலும் நேரம் போதாமல் சிலதே அவையில் எடுக்கப்படும். மற்றவை காகிதத்தில் பதிலாக வந்து போகும். பதிலில் 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்று இருந்தால் அது அரசு கொடுத்த உறுதிமொழி, அதைக் கவனிக்கத் தனிக் குழுவே உண்டு. உங்கள் எம்பி அதை மறுபடி துரத்திக் கேட்டாரா என்று பாருங்கள், அவருடைய உழைப்பு அங்கே தெரிந்துவிடும். விவாதக் கணக்கிலும் ஒரு சங்கதி: பொதுப் பிரச்சினைகளை அவையின் கவனத்துக்குக் கொண்டுவரும் மக்களவையின் 377ஆம் விதியில் எழுதிக் கொடுத்ததும் அதில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, எண்ணிக்கை சிறியதாக இருந்தால் வேலை செய்யவில்லை என்றும் ஆகாது. திமுகவின் திருச்சி சிவா திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. ஒரு தனிநபர் மசோதா ஓர் அவையைத் தாண்டியே பல பத்தாண்டுகள் ஆகியிருந்தது. மதிப்பெண் பட்டியலில் அதுவும் ஒன்று என்றுதான் விழும்.

தெற்குவீதி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு டிவிஷன் பதிவைத் தேடி எடுத்தேன். எங்கள் எம்பியின் பெயர் ஆதரவிலும் இல்லை, எதிர்ப்பிலும் இல்லை, அடிக்குறிப்பிலும் இல்லை. அன்றைய வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. அவர் கட்சி அன்று வெளிநடப்பு செய்ததாகச் செய்தி எதுவும் கண்ணில் படவில்லை. தேதியையும் மசோதாவையும் குறிப்பிட்டு, வாக்கெடுப்பு நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதிவிட்டேன், திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகிறது. பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன்.