முதியோர் இல்லத்துக்கு ஒட்டுத்துணிப் போர்வை: துணி மலிவாகவோ இலவசமாகவோ எங்கே கிடைக்கும்?

நூல்கண்டு_கோவை:
முதியோர் இல்லம் ஒன்றுக்கு 40 ஒட்டுத்துணிப் போர்வை தைத்துத் தருவதாக எங்கள் குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் சிங்கிள் கட்டில். மார்கழிக்கு முன்னால் கொடுக்க வேண்டும். இருக்கிற காசு நூலுக்கும் அடித்துணிக்கும்தான் வரும். மேல்பக்கமும் உள்ளே வைக்கிற துணியும் சும்மாவோ கிலோ கணக்கிலோ கிடைத்தால்தான் கட்டுப்படியாகும். யாரிடம் கேட்கலாம்? எத்தனை மீட்டர் சேர்க்க வேண்டும்? திருப்பூர் பனியன் வேஸ்ட் சரிப்படுமா?

பிட்டுத்துணி:
கேட்டுப் போவதற்கு முன்னால் கணக்கைப் போட்டுவிடுங்கள். அடித்துணிக்கு 60×90 அங்குல பெட்ஷீட் ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டால், மேல்பக்கம் 54×84 போதும். மிச்சமிருக்கும் ஓரத்தை முன்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தால் பார்டருக்குத் தனித் துணி வேண்டாம்.

ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டினால் தையல் போக ஆறு நிற்கும். 9×14, ஆக 126 சதுரம். 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) ஒரு மீட்டருக்கு 36 வரும் என்று காகிதத்தில் தெரியும். நம்பாதீர்கள். மீட்டர் என்பது முப்பத்தொன்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். துவைத்துச் சுருங்கினால் ஆறாவது வரிசை போய்விடும். துண்டு துண்டாக வரும் துணிக்கு 30 என்றே வையுங்கள். போர்வைக்கு 4.2 மீட்டர், 40க்கு ஏறக்குறைய 170 மீட்டர்.

கிடைக்கும் இடம்: பிளவுஸ், சுடிதார் தைக்கிற கடையில் லைனிங் துண்டு நிறைய விழும், பெரும்பாலும் பருத்தி. "எடுத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் குப்பைக்குத்தான் போகும். பெயர் எழுதிய சாக்கைக் கொடுத்து வாரம் ஒரு முறை போய் எடுக்க வேண்டும். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம் கேளுங்கள். துணிச் சுருளின் கடைசியில் மீட்டருக்குக் குறைவாக நிற்கும் துண்டுகளை அவர்களுக்கே வைத்திருக்க இடமிருக்காது. கரூரில் பெட்ஷீட், திரைச்சீலை ஏற்றுமதி செய்பவர்களிடம் செகண்ட்ஸ் (சின்னக் குறையால் கழித்த சரக்கு) இருக்கும்; இல்லத்தின் லெட்டர்பேடில் எழுதிய கடிதத்தோடு போனால் பேச்சு சுலபம். காசு கொடுத்து வாங்குவதென்றால் ஈரோடு கனி மார்க்கெட் வாரச்சந்தை, திங்கள் இரவு முதல் செவ்வாய் வரை.

லாட்ஜ்களில் கழிக்கும் வெள்ளை விரிப்பையும் விடாதீர்கள். நடுவில்தான் நைந்திருக்கும், ஓரம் கெட்டியாக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து ஓரத்தை மட்டும் வெட்டுங்கள்.

ஓவர்லாக்:
பனியன் வேஸ்ட் பற்றி. முதல் விஷயம், அது இலவசம் இல்லை. வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்து நூல் மில்லுக்கும் மெஷின் துடைக்கவும் கிலோ கணக்கில் போகிறது. கையளவுத் துணுக்கு உங்களுக்கு உதவாது. பெரிய துண்டாகப் பொறுக்கிக் கேட்டால் விலை வேறு.

இரண்டாவது, பின்னல் துணி இழுபடும். நெய்த துணியோடு மாற்றி மாற்றித் தைத்தால் ஒன்று இழுத்து ஒன்று இழுக்காமல் தையல் அலை அலையாக நிற்கும். பின்பக்கம் ஒட்டு கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டால் அடங்கும், ஆனால் அந்தச் செலவுக்குப் புதுத் துணியே வாங்கலாம். வேண்டுமானால் ஒரு போர்வை முழுக்கப் பனியன் துணியிலேயே செய்யுங்கள்: இழுபடாத திசை எல்லாச் சதுரத்திலும் ஒரே பக்கம், முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி. சாதா ஊசி கண்ணியை அறுத்து, துவைக்கத் துவைக்க ஓட்டை விடும்.

சாயம்_போகாது:
வருகிற துணியை அப்படியே வெட்டாதீர்கள். ஓரத்திலிருந்து நாலைந்து இழை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாடை, தொட்டால் உதிரும் சாம்பல் என்றால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். டெரிகாட்டன் இரண்டும் கலந்து, சாம்பலில் கரகரப்பாகக் கட்டி நிற்கும். சட்டை தைக்கிற கடையில் வருவதும் யூனிஃபார்ம் துணியும் அதிகம் இந்த ரகம். தனிப் போர்வையாகப் போடலாம், பருத்தியோடு கலந்தால் பருத்தி மட்டும் சுருங்கிச் சதுரம் கோணும்.

மேடையில் போர்த்துகிற பொன்னாடையை மூட்டையாகத் தூக்கித் தருவார்கள். பளபளப்பு எல்லாம் பாலியஸ்டர், வாங்காதீர்கள். பருத்தித் துண்டு என்றால் விடாதீர்கள்.

சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றையும் வெள்ளைக் கிண்ணத்தில் சுடுநீர் ஊற்றி அரை மணி தனித்தனியே ஊற வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் மறுபடி அலசிப் பாருங்கள். மூன்றாம் தண்ணீரிலும் சாயம் இறங்கினால் ஒதுக்கிவிடுங்கள். காடா துணியை (வெளுக்காத முரட்டுப் பருத்தி) ராத்திரி முழுக்க ஊறப் போட்டுக் கஞ்சியை எடுத்த பிறகே அளக்க வேண்டும். பழைய துணி எதுவானாலும் கொதிநீர், பிறகு நல்ல வெயில். மூட்டைப்பூச்சி ஒரு சாக்கில் வந்தால் மொத்தத்துக்கும் வரும்.

நூல்கண்டு_கோவை:
மிக்க நன்றி. உள்ளே பழைய சேலை வைக்கலாமா? திரைச்சீலைக் கடையில் பழைய சாம்பிள் புத்தகம் தருகிறேன் என்கிறார்கள், எடுக்கலாமா?

பிட்டுத்துணி:
பருத்திச் சேலைதான் சரி. ஐந்தரை மீட்டரில் 58 அங்குலத் துண்டு மூன்று வரும். இரண்டைக் குறுக்காக, கரையும் கரையும் சேர வைத்தால் ஒரு அடுக்கு. ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினால் அந்த இடம் தடித்து ஊசி முறியும். அடுக்குக்கு அடுக்கு இணைப்பு இடம் மாறட்டும். இரண்டு சேலையில் மூன்று அடுக்கு. அதற்கு மேல் வேண்டாம். இல்லத்தில் கையால்தான் துவைப்பார்கள் என்றால் நனைந்த போர்வையைத் தூக்கிப் பிழிய வேண்டுமே.

மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி. குயில்டிங் (அடுக்குகளைச் சேர்த்து மேலே ஓட்டும் தையல்) தெரியாதவர்கள் சதுரம் சேரும் ஒவ்வொரு மூலையிலும் தடித்த பருத்தி நூலால் இரட்டை முடிச்சுப் போட்டாலே அடுக்கு நகராது.

ஓவர்லாக்:
சாம்பிள் புத்தகம் எடுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். பின்னால் ரப்பர் மாதிரி பூச்சு இருந்தால் தள்ளிவிடுங்கள். காற்றுப் போகாது, வெயிலில் பிசுபிசுக்கும். அட்டையில் ஒட்டின பகுதியை நனைத்து உரிப்பதைவிட வெட்டி எறிவது நேரம் மிச்சம். சோபா துணி கனமாக இருக்கும், போர்வைக்கு வேண்டாம். அதில் பை தைத்து, முடிந்த போர்வையை அந்தப் பையில் மடித்து வைத்தே கொடுக்கலாம்.